பஞ்சுப் பலகை போட்ட கோயில்

— ஏணிய ஆட்டாதையும், ஜெஸ்மின்.

— நான் ஆட்டேல்ல, பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். பாட்டு மாஸ்டருக்குக் கோயில் சுவரில என்ன அலுவல்?

— சும்மா... ஒரு ஆணி லூசா இருந்தது.

— அதுக்கு நாலு பலகையைக் கழட்டிக் கீழ வைச்சிருக்கிறியள்?

— ஒரு ஆணி லூசெண்டா அயலையும் பார்க்கத்தானே வேணும்.

— அல்பிரட் மாஸ்டர், இறங்குங்கோ. தச்சுவேலை ஜக்சன் தம்பி நேற்று முழுநாளும் நிண்டு பூட்டினது. உள்ளுக்குப் பஞ்சு வைச்சு, வெளியால சீலை போர்த்து... பாதர் கண்டா என்ன சொல்லுவார்?

— பாதர் துறைமுகத்தடிக்குப் போயிட்டார். பார்த்துத்தான் ஏறினனான்.

— பூனை கண்ணை மூடினா பூலோகம் இருண்டிடுமே?

— நீர் பெரிய பொலிஸ்.

— உங்களோட இத்தினை வருசம் குடும்பம் நடத்தினா பொலிஸ் வேலையும் பழகும். இறங்கி என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. இந்தப் பலகையால எதிரொலி போனா உங்களுக்கு என்ன நட்டம்? சுவருக்கு டைல்ஸ் பதிச்ச நாள் தொடக்கம், அங்க கப்பல் ஒருக்கா ஊதினா இதுக்குள்ள மூண்டு தரம் ஊதுது. பாதரின்ர பிரசங்கத்தில 'ஆமென்' மட்டும்தான் விளங்குது.

— சனத்துக்கு அது போதும்.

— முட்டைத் தட்டு ஒட்டினாச் சத்தம் அடங்கும் எண்டு முதல்ல சொன்னதும் நீங்கள்தான். தபசுகால நோன்புக்குள்ளயும் பங்குச் சனம் முழுக்க முட்டை திண்டது, உங்கட தட்டுக்காக.

— சத்தான சாப்பாடுதானே.

— எதிரொலி கொஞ்சமும் குறையேல்ல. பல்லிதான் வந்து குடியிருந்தது.

— குறையாது எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்.

— என்னது?

— ...வாய் தவறிட்டுது.

— தவறினதை முழுக்கச் சொல்லிப் போடுங்கோ.

— ஜெஸ்மின்...

— ம்.

— என்ர குரல் போயிட்டுது. மேல் சுருதிக்கு ஏறினா உடையுது. உடையிற இடத்தை இந்தச் சுவர்தான் இழுத்து மூடிவிடும், ஒருத்தருக்கும் தெரியாது. நேற்று ஜக்சன் போனாப்பிறகு தனிய ஒரு பாட்டுப் பாடிப் பார்த்தன்... இறகு பிடுங்கின கோழி மாதிரிக் கிடந்தது.

— அதுக்குத்தானா இந்த ஏணி?

— ஞாயிற்றுக்கிழமை சனம் கேட்டா, பாடகர் குழு, அதில பாடுற தினுஷான்ர கையுக்குப் போயிடும். போகட்டும், கெட்டிக்காரப் பிள்ளை. ஆனா பிறகு உம்மட ஓர்கனுக்குப் பக்கத்தில நான் நிக்கேலாதே. அதைத்தான் என்னால தாங்க ஏலாமக் கிடக்கு.

— முதல்ல கீழ இறங்குங்கோ.

— இந்தப் பலகை வேணுமெண்டு பாதரிட்டப் போய் நிண்ட ஆள் ஆரெண்டு தெரிஞ்சா, நல்லா நாலு கேள்வி கேட்பன்.

— கேளுங்கோ. நான்தான்.

— நீரா? உமக்கு ஏன்...

— எனக்குக் காது மந்தமாப் போச்சு. கிட்ட நிண்டு கதைச்சாச் சமாளிப்பன். பாட்டெண்டு துவங்கினா இதுக்குள்ள எல்லாம் ஒரே இரைச்சல். சொன்னா ஓர்கனை விட்டு எழுப்பிப் போடுவினம் எண்ட பயத்தில, இவ்வளவு காலமும் உங்கட தொண்டைக்குழி ஏறி இறங்கிறதைப் பார்த்துத்தான் வாசிக்கிறனான். நேற்று பலகை பூட்டினாப்பிறகு நீங்கள் தனியப் பாடேக்க வாசலடியில நிண்டனான்... உடைஞ்ச குரல்தான். ஆனா ஒரு சொல்லு விடாமக் கேட்டுது.