உதட்டில் வந்த கடவுச்சொல்

கடவுச்சொல் என்றால் நீளமாக இருக்கவேண்டும் ஐயா. வருஷக்கணக்காக இதைச் சொல்லித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

எங்களுடையது காப்பீட்டு நிறுவனம். புதிதாகச் சேருகிறவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பது என் வேலை. பிள்ளை பெயர், பிறந்த தேதி, வண்டி எண் எதுவும் கூடாது என்பேன். நன்றாகத் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டுப் பிள்ளை பெயரையே வைப்பார்கள். எங்கள் தலைமைக் கணக்கர் தன்னுடையதைச் சீட்டில் எழுதித் திரையிலேயே ஒட்டியிருந்தார். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கதவில் தொங்கவிடுகிற ரகம். அதனால் ஓர் எளிய வழி சொல்வேன். மனசுக்குள் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்கிற வாக்கியம் ஒன்றை இடைவெளி விடாமல் அப்படியே தட்டுங்கள். இயந்திரத்தால் உடைக்கமுடியாது, உங்களாலும் மறக்கமுடியாது.

தங்கைக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். அம்மா அப்பா போனபிறகு அவள் என்னோடுதான் இருந்தாள். துணிகளுக்கான பூ வடிவங்களை வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புவாள். அதுவரை அவள் வைத்திருந்தது பூனையின் பெயர்.

"இவ்ளோ நீளமா அண்ணா? என் மண்டைல நிக்காது."

"தினம் மனசுல சொல்லிக்கிறத வெச்சுக்கோ, நிக்கும். யார்கிட்டயும் சொல்லாத. எங்கிட்டகூட."

கெட்டிக்காரி, சொல்லவே இல்லை.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. வகுப்பில் அதை நான் சொல்வதில்லை. வாக்கியத்தைத் தட்டுகிறவர்களுக்கு உதடு அசையும். சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சில காலைகள் தங்கையின் உதட்டைக் கவனித்தேன். வலுவாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவளுடைய மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஒரு மருந்தாளர் இருந்தார். வெளிநாட்டில் வேலை. அவளைக் கல்யாணம் செய்து அழைத்துப்போவதாக எழுதியிருந்தார். நல்ல மனிதர், எழுத்திலேயே தெரிந்தது. ஆனால் அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? விருப்பமில்லை என்று, அவள் எழுதுகிற மாதிரியே பணிவாக எழுதினேன். இனி நானே தொலைபேசியில் கூப்பிட்டாலும் எடுக்கவேண்டாம் என்றும் அவள் பெயரிலேயே சேர்த்துக்கொண்டேன். மரியாதை தெரிந்தவர், எடுக்கவில்லை. அவர் அனுப்பும் மின்னஞ்சல் அவளுக்குப் போகாமல் என்னிடம் வரும்படி மாற்றிவைத்தேன். ஏன் பதிலே இல்லை என்று அவள் எழுதினால், தடுமாற்றத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள் என்று பின்னாலேயே அவள் பெயரில் அவருக்கு நான் எழுதுவேன். எழுதிய தடயத்தை அழித்துவிடுவேன்.

தினமும் காலையில் உதடசைத்துப் பெட்டியைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். பிறகு வரைவதை நிறுத்தினாள். பூனைக்குச் சோறு வைக்கவும் மறந்தாள்.

"ஒருத்தர் நம்மள அடியோட மறந்துட முடியுமா அண்ணா?"

"மறக்கறவங்க மறந்துருவாங்கம்மா. நான் இருக்கேன்ல."

அவளைப் பார்க்க வருத்தமாகத்தான் இருந்தது ஐயா, அதை நான் மறைக்கவில்லை.

அன்று வகுப்பு இடைவேளையில் மருந்தாளரின் மின்னஞ்சல் வந்தது. இனி எழுதமாட்டேன், இருக்கப்போவதும் இல்லை என்று அவள் எழுதியிருந்தாளாம். எதுவும் செய்துகொள்ளாதே, இன்றே கிளம்புகிறேன், இப்போதே உன் அண்ணனிடம் சொல் என்று எழுதியிருந்தார். அதை அவளுக்கு அனுப்பினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவளும் என்னை விட்டுப் போய்விடுவாள். வீட்டுக்கு ஓடலாமென்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். மாலைக்குள் ஆறிவிடுவாள் என்று நினைத்தேன். அழித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். பாடத்தை நன்றாகவே எடுத்தேன்.

வீட்டுக்குப் போனபோது உங்கள் ஆட்கள் வாசலில் நின்றார்கள். அவள் உடலை அதற்குள் கொண்டுபோயிருந்தார்கள். இப்போது நான் இதையெல்லாம் சொல்லும்போது, வேலியே பயிரை மேய்ந்திருக்கு என்று இங்கே ஒரு காவலர் முணுமுணுத்தார். நான் மேயவில்லை ஐயா. வேலியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினேன்.

அவளுடைய கடவுச்சொல்லைக் கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், இடைவெளி வேண்டாம். அண்ணன் இருக்கான் எனக்கென்ன பயம். வேறு யாருக்கோ தெரிந்துவிட்டதென்று சந்தேகம் வந்தாலே உடனே மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். கடைசிவரை அவள் மாற்றவில்லை. அவ்வளவு நன்றாகத்தான் ஐயா நான் அவளைப் பார்த்துக்கொண்டேன்.