ஏழாவது அட்டை

விசில். ஒன்று. உடனே இன்னொன்று. அச்சகத்தின் முன்கதவில் லத்தி இடிக்கிறது.

"பாகிலு தெகி!"

கதவைத் திறக்கச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டல். போலீஸ். காலை பத்தே கால். என் சேலை மடிப்பில் ஒரு கட்டு அஞ்சல் அட்டைகள். அருளப்பன் என்னைப் பின்வாசலுக்குத் தள்ளுகிறார்.

"ஓடு ரெஜினா! கல்லைத் தேய்ச்சுட்டு நானும் வந்துடறேன்!"

ஓடினேன்.

அவர் என் கணவர். மைசூரில் அந்தக் கல்லச்சுக்கூடத்தில், அட்டை அச்சாகும் கல்லின்மேல் படம் எழுதுபவர். நான் அட்டைகளுக்கு வண்ணம் தீட்டினேன். 1942. பர்மா ஜப்பான்காரனிடம் விழுந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க யுத்தப் பிரச்சார அட்டைகள் கேட்டார்கள் சர்க்காரில். முயலும் சிங்கமும் கதைதான். ஆனால் திருத்திவிட்டார்கள். முயலுக்கு ஜப்பான் தொப்பி. சிங்கம் கிணற்றை எட்டிப் பார்க்கிறது. ஏமாறவில்லை. திரும்பி முயலைக் கவ்வுகிறது. கீழே, 'நம் சிங்கம் ஏமாறாது.'

யாருடைய சிங்கம்? வெள்ளைக்காரனுடையது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், அது கிணற்றில் விழ வேண்டும் என்று. அருளப்பன் இன்னொரு கல்லில் அதை விழவைத்தார். முயலின் தொப்பியைக் கழற்றினார். கிணற்றுக்கு மேலே வால் மட்டும். அவர்கள் அட்டை பத்துக்கு நடுவே எங்கள் அட்டை ஒன்றைச் செருகினோம். குண்டலுபேட்டை வரை போனது. வகுப்பே சிரித்ததாம். அந்தச் சிரிப்பு போலீஸ் காதிலும் விழுந்தது.

சந்து முனையில் நிற்கிறேன். கல் அழிந்தால் அவர்மேல் சாட்சி கிடையாது. மணலும் தண்ணீரும் போட்டு நாலு தேய்ப்பு தேய்த்தால் போதும். சரசர என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை.

கர்ர்ர்... டக்.

கை மிஷின். பாவி மனுஷன் அச்சடித்துக்கொண்டிருக்கிறார்!

"தேய்ங்க! தேய்ச்சுத் தொலைங்க!"

கத்தினேன். கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார். கதவுக்குக் காகிதக் கட்டுகளை முட்டுக் கொடுத்திருந்தார். அது தாங்கும்வரை அடித்தார். நான் எண்ணினேன். ஏழு டக், ஏழு அட்டை. பிறகு கதவு பெயர்ந்து விழுந்தது.

அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. பெருமையும் உண்டு. சொல்ல வெட்கமில்லை. என் மடியிலிருந்த கட்டை மறுநாள் சந்தையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்துத் தீர்த்தேன்.

கோர்ட்டில் பட்டியல் வாசித்தார்கள். கல், ஒன்று. மை காயாத அட்டை, ஆறு.

ஆறா? நிமிர்ந்து பார்த்தேன். கூண்டில் நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். உதடு கிழிந்திருந்தது. அப்படியும் சிரித்தார்.

ஜெயிலில் எட்டாம் மாதம் ஜுரம். திரும்பி வந்தது சட்டை மட்டும்.

கேட்க வந்தீர்களே, எழுதிக்கொள்ளுங்கள். போனவை: கல் ஒன்று, சம்மட்டியில் மூன்று துண்டு. அட்டை ஆறு, நெருப்பில். அருளப்பன், முப்பத்தொரு வயது.

ஏழாவது அட்டை போகவில்லை. அன்று உள்ளே நுழைந்தவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான். அவர்களில் ஒருவர்தான் அதைச் சட்டைக்குள் வைத்திருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.