மருந்து படாத பதினான்கு பேர்

லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகப் பாதையை நாளுக்கொரு விதமாக மாற்றுகிறார்கள். அதற்குப் பயந்து அரைமணி முன்னதாகவே கிளம்பினேன். இன்று பார்த்து வழியெல்லாம் காலி. அதனால் உங்கள் வராந்தாவில் உட்கார்ந்து, நீங்கள் அனுப்பிய கேள்வித்தாளை இன்னொரு முறை நிதானமாகப் படிக்க முடிந்தது.

பன்னிரண்டு கேள்விகள். பன்னிரண்டும் நோயாளிகளின் சம்மதப் படிவங்களைப் பற்றியவை. தேதிகள் ஏன் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன, சாட்சி யார், இப்படி. டாக்டர் வெங்கடரமணன், விசாரணைக் குழுவின் தலைவர் இவ்வளவு சின்ன விஷயத்தில் நிற்பது எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. படிவங்களை நான்தான் நிரப்பினேன், ஒரே சாயங்காலத்தில். அது முடிந்தது. நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன்.

நரம்பியலில் என் பெயரில் நூற்று அறுபத்தோரு கட்டுரைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை யாரும் எழுதக்கூடியவை. நடுக்குவாதத்தைப் பற்றிய ஒன்றை மட்டும் வேறு யாராலும் எழுதியிருக்க முடியாது. மருந்தே படாமல் விட்டால் அந்த நோய் வருடத்துக்கு வருடம் எப்படி நகர்கிறது என்பதை அது சொல்கிறது. உலகத்தில் அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. காரணம் எளிது. நோய் தெரிந்த அன்றைக்கே எல்லோரும் மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள். அது நோயைக் குணப்படுத்தாது, ஆனால் மனிதனை நடக்கவைக்கும். மருந்தின் பலத்தில் நடக்கிறவனிடம் நோயை அளக்க முடியாது.

மந்தைவெளியில் சனிக்கிழமைகளில் இலவசமாக ஒரு கிளினிக் நடத்தினேன். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து வருவார்கள். அவர்களில் பதினான்கு பேரைத் தேர்ந்தெடுத்தேன். வைட்டமின் மாத்திரைகளைக் காகித உறையில் போட்டு, நடுக்கத்துக்கு மருந்து என்று கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கதவிலிருந்து ஜன்னல் வரை அவர்களை நடக்கவைத்துப் படம்பிடித்து, எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொண்டேன். யாரையும் நான் கடிந்து பேசியது கிடையாது. குடிசைகளை இடித்து அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் குடியேற்றியபோது, என் சொந்தக் காரை அனுப்பி அழைத்துவந்தேன். எட்டு வருடத்தில் ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. ஆராய்ச்சி செய்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அம்மாசி ஏழாம் எண். கோபாலபுரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். கை நடுங்கி ஒரு பட்டுப்புடவையைக் கருக்கிய பிறகு என்னிடம் வந்தார். முதல் வருடம் ஒன்பது விநாடி. ஐந்தாம் வருடம் முப்பத்தொன்று. அழகான, சீரான ஏற்றம். அதற்குள் அவருக்குச் சட்டைப் பொத்தான் போடுவதும் சோறு ஊட்டுவதும் அவர் மனைவி தேவானைதான்.

அந்த வருடம் ஒரு சனிக்கிழமை, கார் போவதற்கு முன்பே அவர் தேவானையோடு பஸ் பிடித்து வந்துவிட்டார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. முகத்தில் சிரிப்பு. அந்த நோயில் முதலில் போவது சிரிப்புதான் என்பது உங்களுக்குத் தெரியும்.

"நானே இஸ்திரி போட்டேன் டாக்டரம்மா, பாருங்க" என்று கையை நீட்டினார். "போன மாசம் கீய வுய்ந்து மண்ட ஒடஞ்சிதுல்ல, பெரியாஸ்பத்திரில தையல் போட்டு இந்த மாத்திரையும் குட்த்தாங்க. உங்க மாத்திரயயும் வுடல. ரெண்டும் சேந்து நல்லா வேல செய்யுது."

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். சரியான மாத்திரை, சரியான அளவு. அங்கே யாரோ ஓர் இளம் டாக்டர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கிறார்.

அவரை நடக்கச் சொன்னேன். பதினொரு விநாடி. ஜன்னலைத் தொட்டுவிட்டுத் திரும்பி, நான் கேட்காமலேயே இன்னொரு முறை நடந்து காட்டினார்.

பிறகு அந்த அட்டையை வாங்கி என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இது இதயத்தைக் கெடுக்கும் மருந்து, இனிமேல் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போகக்கூடாது என்று சொன்னேன்.

தேவானை தயங்கினாள். "நல்லாத்தானம்மா கீறாரு. பத்து நாளா அவரே சோறு துன்றாரு."

"அஞ்சு வருஷமா பார்க்கிறது யாரு, அவங்களா நானா?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. அவள் கொஞ்ச நேரம் தன் புருஷனைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த இன்னொரு அட்டையையும் எடுத்து என் மேஜைமேல் வைத்தாள்.

அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு முன்பைவிட மோசமாக இறுகிப்போகும். தெரிந்துதான் செய்தேன். மூன்று வாரம் கட்டிலிலிருந்து அவரை எழுப்ப முடியவில்லை என்று தேவானை போன் செய்தாள். பார்த்தீர்களா, அந்த மருந்தின் கெடுதல் இன்னும் உடம்பில் இருக்கிறது என்றேன். என்னைக் கும்பிடுவதாகச் சொன்னாள். எட்டாம் வருடம் இட்லி புரையேறி, நெஞ்சில் சளி கட்டி அம்மாசி இறந்தார். அன்று என் வரைபடத்தில் அவருடைய கோடு முழுமையானது.

நடக்கும் படங்களைக் கட்டுரை வந்த இதழின் இணையதளத்தில் வெளியிட்டபோது முகங்களை மறைத்தேன். அம்மாசியின் மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பை மறைக்கத் தோன்றவில்லை. அவர் மகள் தமிழ்நிலா மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்திருந்தாள். வகுப்பில் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். மறுநாளே என் கிளினிக்குக்கு வந்து, உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"எங்க நைனாக்கு இன்னா மாத்திர குட்த்தீங்க?"

"வைட்டமின்."

"எட்டு வருசமுமா?"

"எட்டு வருடமும்."

அவள் அழவில்லை. அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். "எங்கம்மா இன்னும் உங்க போட்டோவ சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சினு கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள். உங்களுக்குப் புகார் எழுதியது அவள்தான். நன்றாக எழுதியிருக்கிறாள்.

நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? இன்று புது மருந்து சோதிக்கிறவர்கள் என்னுடைய பதினான்கு கோடுகளோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். உங்கள் பாடப்புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பது என் வரைபடம்தான், டாக்டர். அனுமதி கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தில், 'இவ்வளவு தூய்மையான தரவை எப்படிப் பெற்றீர்கள் என்று வியக்கிறேன்' என்று எழுதியிருந்தீர்கள். வியந்தீர்கள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தப் பெண்ணிடம் சொன்னதுபோல உங்களிடமும் சொல்லியிருப்பேன். நான் யாரிடமும் பொய் சொல்கிறவள் இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. அதற்காகத்தான் இன்று நேரில் வந்தேன். ஏழாம் எண்ணின் அட்டவணையில், ஐந்தாம் வருடத்தின் கடைசி அளவில், முப்பத்திரண்டு விநாடி என்று எழுதியிருக்கிறேன். அவர் உண்மையில் பதினொரு விநாடியில் நடந்தார். திருத்தம் போட்டுவிடுங்கள். மற்றபடி அந்தக் கட்டுரையில் தவறு ஒன்றும் இல்லை.