மாடிக் குளியலறைக்கு ஓர் எர்த் கம்பி

எங்கள் துமகேத்தே ஊரில் நம்பகமான எலக்ட்ரீஷியன் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. நான்கு பேரிடம் விசாரித்தால் நான்கு பேரும் ஒரே ஆளைத்தான் சொல்வார்கள். பெயர் எலெயுதேரியோ. தெருவுக்கு அவர் தேர்யோ அண்ணன். லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு, கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டுகிற மனிதர். நானும் அவரைத்தான் கூப்பிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்.

என் வீட்டு மாடியில் கல்லூரிப் பெண்கள் ஐந்து பேர் வாடகைக்கு இருந்தார்கள். டிசம்பர் வந்தால் அந்த மகாராணிகளுக்கு வெந்நீர் வேண்டும். மாடிக் குளியலறையில் ஹீட்டர் மாட்டத்தான் தேர்யோ வந்தார். வந்தவர் ஹீட்டர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக்காகக் குத்திப் பார்த்தார். சுவிட்ச் பெட்டியைத் திறந்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு மாடிப்படியில் நின்றுகொண்டு, பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மேடம், இந்த வீட்டுல எர்த்தே கிடையாது. யாரு பண்ணுன வயரிங் இது? கண்ணக் கட்டிக்கிட்டுப் பண்ணிருக்கான்."

பண்ணியது என் கணவர். அவர் செத்து ஏழு வருஷம் ஆகிறது.

"ஹீட்டர மட்டும் மாட்டிட்டுப் போங்க. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"அது ஆகாது மேடம். எர்த் இழுக்காம மாட்டிட்டா, குளிக்கப் போறவங்க உசுருக்கு யாரு ஜவாப்பு? நீங்க சயின்ஸ் டீச்சர்னு சொன்னாங்க. நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்?"

ஜெனலின் சிரித்தாள். சிக்கிஹோர் தீவிலிருந்து நர்ஸிங் படிக்க வந்தவள். அப்பா மீன் பிடிப்பவர். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். ஆனாலும் சிரித்தாள்.

முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தியவள் நான். எர்த் கம்பி எதற்கு என்று இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அந்தப் பாதிப் பேர் மண்டையிலும் அது ஏறவில்லை என்பது வேறு விஷயம். தேர்யோ ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருக்குக் காப்பியும் இலையில் சுற்றிய புட்டும் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தேன்.

மறுநாள், பெண்கள் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில், சந்தைப் பக்கம் குந்தியிருக்கும் ரோலி என்பவனைக் கூட்டிவந்தேன். எதைச் சொன்னாலும் "சரி மேடம்" என்பான். அவனுக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஒரு மணி நேரத்தில் ஹீட்டரை மாட்டினான். ஹீட்டரில் மிச்சமிருந்த எர்த் கம்பியை என்ன செய்வது என்று கேட்டான். மடக்கி உள்ளே வைத்து மூடச் சொன்னேன். அடுத்த வாரம் அவன் மணிலாவுக்குக் கப்பலேறிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது தேர்யோ எதிரே வந்து நின்றார்.

"மேடம், அந்த ஹீட்டர மாட்டலியே? வேணும்னா நான் சும்மாவே வந்து எர்த் இழுத்துத் தர்றேன். மனசு கேக்க மாட்டேங்குது."

"பெட்டியிலதான் கெடக்கு" என்றேன்.

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு போனார். மனசு கேட்கவில்லையாம். இவர்களுக்கெல்லாம் தங்களைப் பற்றி எவ்வளவு பெரிய நினைப்பு.

குளியலறையை ஒட்டிய அறையை ஜெனலினுக்குக் கொடுத்தேன். மற்ற நால்வரையும் கீழ்க் குளியலறைக்கு வரச் சொன்னேன். அவர்களுக்குப் பொறாமை. நானும் கீழேதான் குளிப்பேன், வாளித் தண்ணீரில்.

பத்து நாள் கழித்து அவள் சமையலறைக்கு வந்தாள்.

"மேடம், குழாயத் தொட்டா சுருக்குனு அடிக்குது. தேர்யோ அண்ணனக் கூப்பிடலாமா?"

"ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் குளிம்மா. புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும்."

"நெசமாவா மேடம்?"

"நான் டீச்சரா, அவன் டீச்சரா?"

தலையாட்டிவிட்டுப் போனாள். இவ்வளவு எளிதாக நம்புகிறவர்கள் நோயாளிகளை எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலையில், ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குக் கிளம்புமுன் குளிக்கப் போனாள். ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் காப்பியைக் குடித்து முடித்தேன். மெயினை அணைத்தேன். அப்புறம்தான் மேலே போனேன். அணைக்காமல் போய்த் தொட்டிருந்தால் நானும் போயிருப்பேன்.

உங்கள் ஆட்கள் வந்து, வேலை பார்த்தது யார் என்று கேட்டார்கள். அடுக்களைச் சுவரில் எழுதியிருந்த தேர்யோவின் போன் நம்பரைக் காட்டினேன். அவர் பையோடு வந்துபோனதைத் தெருவே பார்த்திருந்தது. "நான் மாட்டவே இல்ல சார்" என்று அவர் அழுதபோது அவருடைய லைசென்ஸை யாரும் பார்க்கக்கூட இல்லை. புகழ்ந்த அதே வாய்கள் அவரைக் கொலைகாரன் என்றன. பத்தொன்பது நாளாக உள்ளே இருக்கிறார். என்னைக் கேட்டால் அப்படியே விட்டிருப்பேன்.

நேற்று உங்கள் அரசு வக்கீல் என் வீட்டுக்கு வந்து அறிக்கையைப் படித்துக் காட்டினார். பத்தாம் வகுப்பில் என் பாடத்தில் இரண்டு முறை தோற்றவர். 'மின்சாரம் பற்றி ஏதும் அறியாத வயதான விதவை, எலக்ட்ரீஷியனை நம்பி ஏமாந்தார்' என்று எழுதியிருந்தார். போகும்போது என் தோளைத் தட்டி, "விடுங்க மேடம், பாவம், உங்களுக்கு என்ன தெரியும்" என்றார்.

அதனால்தான் வந்தேன். தேர்யோவை விடுவதும் வைத்திருப்பதும் உங்கள் பாடு. ஆனால் அந்த வரியை அடியுங்கள். எர்த் இல்லாமல் என்ன நடக்கும் என்று தெரியும், குழாய் ஏன் சுருக்கென்றது என்று தெரியும், தெரிந்துதான் அவளை அங்கே குளிக்கவிட்டேன் என்று எழுதுங்கள். எழுத்துப்பிழை இல்லாமல்.

ஜெனலினின் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவளுக்கும் படித்துக் காட்டுங்கள். தன் மகள் ஒன்றும் தெரியாத ஒருத்தியின் வீட்டில் தங்கியிருக்கவில்லை என்று தெரிந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.