மூன்று மணி நேரம் கொதித்த சாஸ்

சாஸுக்குத் தக்காளியைக் குறைவாகத்தான் போட வேண்டும். இளையவர்கள் நிறையப் போட்டுவிடுகிறார்கள், பிறகு புளிக்கிறது என்று சர்க்கரை சேர்க்கிறார்கள். நான் சேர்ப்பதில்லை. நின்றுகொண்டே சொல்கிறேன் ஐயா.

எங்கள் வேட்டைக் குழுவில் முப்பது பேர். நாய்க்காரர்கள் கீழிருந்து பன்றிகளை விரட்டுவார்கள். மற்றவர்கள் மேலே, அவரவர் இடத்தில் துப்பாக்கியோடு நிற்போம். யாருக்கு எந்த இடம் என்று தலைவர் அவெரார்தோ சொல்வார். எல்லாரும் ஆசைப்படுவது இரு மலைகளுக்கு நடுவே உள்ள கணவாய். பன்றிகள் கடைசியில் அந்த வழியாகத்தான் போகும். என் அப்பா அங்கே நின்றார். அவருக்குப் பின் இருபத்திரண்டு ஆண்டுகள் நான் நின்றேன்.

போன பருவத்தில் ஒரு நாய் இறந்தது. புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது, சுட்டேன். நாய் இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. இந்த அக்டோபரில் இடங்களைச் சொன்னபோது, கணவாயைத் தன் மருமகன் மன்ரிக்கோவுக்குக் கொடுத்தார் அவெரார்தோ.

"உன் கண்ணு போச்சுப்பா ஒத்தோரினோ. நீ சமையல பாத்துக்க. உன் கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது" என்றார்.

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பன்றியைச் சுட்டதும் அதற்கு ஓர் எண் அட்டை கட்டுவோம். விலாவுக்குள் இருக்கும் மெல்லிய தசையில் ஒரு துண்டு வெட்டி, புழு இருக்கிறதா என்று பார்க்க அதே எண்ணோடு கால்நடை மருத்துவ அலுவலகத்துக்கு அனுப்புவோம். பதில் வரும்வரை உடல் குளிர் அறையில் தொங்கும். பதில் நல்லபடியாக வந்தால் அட்டையைக் கழற்றுவோம். அதன் பிறகுதான் கத்தி. எங்கள் மலையில் இந்த ஒழுங்கை மீறியவர் இல்லை.

குழுவின் தொலைபேசி சமையலறையில் இருக்கிறது. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, நான் தனியாக இருந்தபோது, அந்த அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பதினேழாம் எண்ணில் புழு இருக்கிறது, முழுவதையும் அழித்துவிடுங்கள் என்றார்கள். சரி என்றேன். வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்தேன். மீண்டும் வீட்டுக்குப் போனேன். அன்று அந்தச் சாலையில் ஆறு முறை நடந்திருப்பேன். ஏழாவது முறை வந்தபோது பதினேழாம் எண் அட்டையைக் கழற்றினேன்.

வெள்ளிக்கிழமை அந்த இறைச்சியில் சாசேஜ் செய்தேன். பன்றிக் கொழுப்பு, பூண்டு, மிளகு, காட்டுப் பெருஞ்சீரகம், ஒரு கோப்பை சிவப்பு ஒயின். எதையும் குறைக்கவில்லை.

சனிக்கிழமை சாஸ் வைத்தேன். சாசேஜைத் தோல் நீக்கி உதிர்த்து, வெங்காயத்தோடு நன்றாகச் சிவக்க விட்டேன். ஒயினை வற்றவிட்டு, கடைசியில் தக்காளி. மூன்று மணி நேரம் கொதித்தது. அவ்வளவு நேரம் கொதித்தால் எந்தப் புழுவும் பிழைக்காது. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் சாஸால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான்கு சாசேஜ்களைச் சமைக்காமல் பலகையில் வைத்திருந்தேன். எங்கள் பக்கம் பச்சையாகவே பிதுக்கி ரொட்டியில் தடவித் தின்பார்கள். பரிசோதித்த இறைச்சி என்றால் யாருக்கும் பயமில்லை. மன்ரிக்கோ வேட்டை முடிந்து வந்தால் கைகூடக் கழுவமாட்டான், நேராகப் பலகைக்குத்தான் வருவான்.

"என்ன மாமா, அடுப்பாவது கண்ணுக்குத் தெரியுதா? பன்னின்னு நெனச்சு சுட்டுடாதீங்க" என்றான்.

"ரொட்டி இருக்கு, எடுத்துக்கோ" என்றேன்.

"கொஞ்சம் ஒயினையும் தள்ளுங்க. கணவாயில நின்னுட்டு வந்தவனுக்குத் தொண்டை காயாதா?"

ஒயினைத் தள்ளினேன். ரொட்டியை அவன்தான் வெட்டினான். அவன்தான் தடவினான். இரண்டு சாசேஜ் தின்றான். இன்னும் மூன்று பேர் வந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்தார்கள். அவர்களைத் தடுத்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். மூடியைத் திறந்து சாஸைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

பிறகு நாள்கள் நகரவில்லை. துப்பாக்கியைத் தினமும் துடைத்தேன். ரொட்டி வாங்கும் சாக்கில் மன்ரிக்கோவின் வீட்டு வழியாகவே போனேன். பத்தாம் நாள் அவன் வீட்டுச் சன்னல் பகலிலும் சாத்தியிருந்தது. காய்ச்சலாம். பதின்மூன்றாம் நாள் அவெரார்தோ வந்தார்.

"மருமகனுக்கு ஒடம்பு சரியில்ல. கணவாய்க்கு ஆளில்ல. இந்த ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் நீ நில்லுப்பா" என்றார்.

மறுநாள் மாலை மன்ரிக்கோவின் மனைவி நெவியா தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, அவருக்குக் கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்கு. கை கால அசைக்க முடியல. என்ன சாப்பிட்டாருன்னு டாக்டர் கேக்கறாரு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அங்க ஏதாவது பச்சையா தின்னாரா?"

அவள் குழந்தை பின்னால் அழுதுகொண்டிருந்தது. விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. நான் பதினேழாம் எண்ணைச் சொன்னால் வேட்டை நின்றுவிடும்.

"சாஸ்தான் சாப்பிட்டான்மா. மூணு மணி நேரம் கொதிச்சது" என்றேன்.

"நிச்சயமாத்தானே மாமா?"

"நிச்சயம்மா."

திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை அவனை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். புதன்கிழமை இதயம் நின்றது. சனிக்கிழமையே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்திருக்கலாம் என்று அந்த மருத்துவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இருக்கலாம். மற்ற மூவரும் படுக்கையில் இருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். தெரிந்தே வைத்தேன், தெரிந்தே மறைத்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவாயில் நின்றேன். பத்து மணிக்கு நாய்கள் குரைத்தன. இலைகள் நொறுங்கின. இரண்டு பன்றிகள், ஒன்றன்பின் ஒன்றாக, மிக அருகில். மூச்சு கேட்டது. துப்பாக்கியைத் தோளில் வைத்து அந்தப் பக்கம் திருப்பினேன், மறுபடி இந்தப் பக்கம் திருப்பினேன். பிறகு சத்தம் நின்றுவிட்டது.

அவெரார்தோ ஏறி வந்து மண்ணில் குளம்புத் தடத்தைப் பார்த்தார்.

"பத்தடியில போயிருக்கே ஒத்தோரினோ. ஏன் சுடல?"

"மூடுபனி" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

மற்றவர்களையும் விசாரித்திருப்பீர்கள். அன்று நல்ல வெயில் என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் யாரும் கணவாயில் நிற்கவில்லை ஐயா. அங்கே பனி இருந்தது. காலையிலிருந்தே இருந்தது. இப்போது இந்த அறையில்கூடக் கொஞ்சம் இருக்கிறது.