தூள் வராது என்றார்கள்

ஓடுகிறோம். என் இடுப்பில் மகன் றெஜி. கையில் மண்ணெண்ணெய்க் கான். கடலுக்கு அப்பால் 'டும்'. எண்ணத் தொடங்குகிறேன். ஏழு எண்ணினால் ஷெல் விழும்.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" கணவர் கத்துகிறார். "கானை எறியடி!"

எறியவில்லை. ஏழில் விழுந்தது. அவர் எழும்பவில்லை. கான் என் கையில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்துக்கு அரசு சாமான் விடாத பொருளாதாரத் தடைக்காலம் அது. கொழும்பில் ஆட்சி மாறினால் எங்கள் குருநகர்ச் சனம் சாத்திரம் சொல்லும், இனித் தடை நீங்கும் என்று. நான் எவரையும் நம்பவில்லை. கிடைத்ததை வாங்கி வீட்டுப் பின்கோடியில் புதைப்பேன். மண்ணெண்ணெய், சவர்க்காரம், நெருப்புப்பெட்டி. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் றெஜி வளர்ந்தான்.

போர் முடிந்து வருடங்கள் போய், நாற்பதை நெருங்கியிருந்தான். கடற்றொழிலுக்குப் போன இடத்தில் தூள் பழகினான். ஹெரோயினை இங்கே அப்படித்தான் சொல்வது.

காலை ஆறேகால். வானொலிச் செய்தி. ஆப்கானிஸ்தானில் ஆட்சியைப் பிடித்தவர்கள் அபினிச் செடிக்குத் தடை போட்டுவிட்டார்களாம். கணவரின் தம்பி அந்தோனிக்குப் பெரிய சந்தோசம்.

"மச்சாள், செடியில்லாட்டித் தூள் எங்காலை? றெஜி தப்பீட்டான்."

"தடை எண்டால் சாமான் இல்லாமல் போகாது. பதுக்கிவைச்சு விப்பாங்கள். நாங்கள் பாக்காத தடையோ?"

றெஜி கேட்டுக்கொண்டிருந்தான். "நான் விடுறன் அம்மா," என்றான். அதையும் நம்பவில்லை. சட்டைப் பையைத் துழாவினேன். தலையணையைப் பிரித்தேன். வலைக்குள் தேடினேன். தெருவில் மெதுவாகப் போகும் ஓட்டோவையெல்லாம் தூள் விற்கிறவனோ என்று முறைத்தேன். ஒன்றும் அகப்படவில்லை. பின்கோடியைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

செவ்வாய்க்கிழமை. பின்னேரம் மூன்று மணி. எந்தச் சத்தமும் இல்லை. பின்கோடிக் கொடியில் காயப்போட்ட உடுப்பு எடுக்கப் போனேன். மண்ணில் வெட்டின கிடங்கருகே றெஜி மூச்சில்லாமல் கிடக்கிறான். பக்கத்தில் பால்மா ரின், உள்ளே தூள். தட்டுப்பாடு வரப்போகிறது என்று பயந்து, என்னைப் போலவே வாங்கிப் புதைத்திருக்கிறான். தூளில் வேறேதோ கலந்திருந்ததாக டொக்டர் சொன்னார். கையில் நிறைய இருந்ததால் நிறைய எடுத்திருக்கிறான்.

ஊரில் தூள் குறையவில்லை. நான் சொன்னதுதான் நடந்தது. அந்தோனி இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

இழந்ததையெல்லாம் மறக்காதிருக்க எழுதி வைக்கிறேன். கணவர், ஷெல்லில். ஒரு வள்ளமும் இரண்டு வலையும், இடப்பெயர்வில். றெஜி, போர் முடிந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, எங்கள் வீட்டுப் பின்கோடியில்.