தானா ஸ்டாட் ஆகிற என்ஜின்

கைய எடுங்க சேர். அந்தப் பெட்டியத் தொடாதீங்க. ஓம், பூட்டு ஒடைஞ்சிதான் கிடக்கு. ரிப்போட் எழுதத்தானே கொழும்பிலயிருந்து வந்தீங்க, நான் சொல்றதக் கேட்டுப்போட்டு எழுதுங்க.

ஆசுப்பத்திரிக்குக் கரண்டு எடுக்கிற காத்தாடி பூட்ட வந்த அண்டைக்கே ஒங்களிட்டச் சொன்னன். காத்து நிண்டா டீசல் என்ஜின் தானா ஸ்டாட் ஆகும், காத்து வந்தா தானா நிக்கும், எல்லாம் சரி. ஆனா வெளியால கையால நிப்பாட்டுற சுவிச் ஒண்டு போடுங்க, இது சண்ட நடக்கிற இடமெண்டு. சிரிச்சீங்க. கண்டவனும் கை வைப்பான், டீசல் களவு போகுமெண்டு சுவிச்செல்லாம் உள்ள வைச்சுப் பெட்டியப் பூட்டித் திறப்பையும் கொண்டு போயிட்டீங்க.

போன வெள்ளிக்கிழமை பகல் துவக்கோட ஆக்கள் வந்தாங்க. எந்த ஆக்களெண்டு கேக்காதீங்க, நான் இந்த ஓட்டமாவடியிலதான் இரிக்கோணும். மருந்தெடுக்க வந்த சனத்தையெல்லாம் ஆசுப்பத்திரி முத்தத்தில குப்புறப் படுக்க வைச்சாங்க. சத்தம் ஒண்டும் வரப்படாதெண்டாங்க. அந்த நேரம் பாத்துக் கச்சான் காத்து நிண்டிச்சி. மறுகா என்ன, ஒங்கட என்ஜின் ஸ்டாட் ஆகிச்சி.

என்ஜின் அறைக்குள்ள ஆரெண்டு ஒருத்தன் கேட்டான். ஆருமில்ல, அது தானா ஸ்டாட் ஆகுமெண்டன். நீங்களெண்டா நம்புவீங்களா? பிடரியில இடிச்சான். ஒரு ஆள் மட்டும் போய் நிப்பாட்டோணுமெண்டான்.

ஹிதாயா போனா. அங்க மருந்து குடுக்கிற புள்ள, என்ட தங்கச்சி, நான் அவட காக்கா. வெளியால சுவிச் இல்ல, பெட்டி பூட்டு. என்ன செய்வா? இரும்பெடுத்துப் பூட்டில அடிச்சா. அந்தச் சத்தத்த வெடியெண்டு நினைச்சி அவங்கள்ல ஒருத்தன் என்ஜின் அறை ஜன்னலுக்குள்ளால சுட்டுப்போட்டான். அவ விழுந்த பிறகும் என்ஜின் ஓடிச்சி. காத்து திரும்பி வந்த பிறகுதான் நிண்டிச்சி. ஒங்கட பெட்டியில ஒரு பிழையுமில்ல சேர், சொன்ன மாதிரியே வேல செய்யுது. அத எழுதுங்க.

என்ன கேட்டீங்க? என்ஜின் பாக்கிறது நீதானே முத்தலிப், நீ ஏன் போகல்லயெண்டா?

ஓம். என்ட வேலதான். படுத்துக் கிடந்த எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க. ஹிதாயா எனக்குப் பக்கத்திலதான் கிடந்தா. காக்கா, எழும்பிப் போங்க எண்டு மெதுவாச் சொன்னா. ரெண்டு தரம் சொன்னா. எனக்கு நல்லாக் கேட்டிச்சி சேர். நான் முகத்த மணலுக்குள்ள வைச்சுக் கிடந்தன்.